புது வீட்டுக்கு என்ன சட்டி?

2017 மே மாதம் இலங்கை மலையகத்தின் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, தோட்டத் தொழிலாளருக்கு மேலும் 10,000 வீடுகள் கட்டித் தரப்படும் என்று அறிவித்தார். லயம் எனப்படும் வரிசை வீட்டை விட்டுத் தனிவீட்டுக்குப் போகும் குடும்பம் பால் காய்ச்சியதும், ஹட்டன் பாத்திரக் கடைப் பக்கம் கால் திரும்புகிறது.

அங்கே பளபளப்பைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. பாத்திரத்தில் 304 என்றோ 18/8 என்றோ பொறித்திருந்தால், அது 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கலந்த உருக்கு, எளிதில் துருப்பிடிக்காது. விலை குறைந்த 202 ரகத்தில் நிக்கல் குறைவு, மங்கனீசு அதிகம். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சில்வர் (துருப்பிடிக்காத உருக்கு) என்பார் கடைக்காரர். 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது!

உண்மையில் பார்க்க வேண்டியது அடிப்பாகம். சில்வர் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மெல்லிய அடியென்றால் தீ படும் இடத்தில் மட்டும் பால் பிடித்துக் கருகும். நடுவே அலுமினியத் தகடு வைத்த தடித்த அடி சூட்டைப் பரப்பும். மலையகத்தில் தடித்த அடி இன்னும் தேவை: நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமெடுப்பதால் அடுப்பில் சட்டி கூடுதல் நேரம் இருக்கும். விறகடுப்பென்றால் பிளாஸ்ரிக் பிடி உருகும், உலோகப் பிடியே தோது.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தில் முழு செட் வாங்குவது வீண். தடித்த அடியுள்ள, மூடியோடு கூடிய இரண்டு லீற்றர் சட்டி ஒன்றை முதலில் வாங்குங்கள். மற்றவை தீபாவளி முற்பணம் வரும்வரை காத்திருக்கட்டும்.