வானத்தில் நம்ம ராமானுஜன்

கணித மேதை ராமானுஜன் பேரில் ஒரு சிறுகோள் இருக்கு, தெரியுமா? செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சூரியனைச் சுற்றும் லட்சக்கணக்கான பாறைகளில் அதுவும் ஒன்று. நம்ம சேர்வராயன் மலைக்கு வடக்கே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில், 17.2.1988 அன்று ஆர். ராஜமோகன் கண்டுபிடித்தார்.

அத்தனை நட்சத்திரத்துக்கு நடுவே ஒரு பாறையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே வானப் பகுதியை நேரம் விட்டுத் திரும்பவும் படம் எடுப்பார்கள். நட்சத்திரங்கள் அதே வரிசையில்தான் இருக்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தால், சந்தேகம்!

ஆனா உடனே பேர் வைக்க முடியாது. முதலில் '1988 டிகியூ1' என்ற தற்காலிகக் குறியீடுதான். 'டி' என்றால் பிப்ரவரி மாதத்தின் பின்பாதி. சுற்றுப்பாதை உறுதியான பிறகுதான் 4130 என்ற எண் கிடைத்தது. அதற்கப்புறம்தான் பேர். ராமானுஜன் ஈரோட்டில் பிறந்தவராச்சே, நமக்குப் பக்கத்து ஊர்தான்!

இதற்கெல்லாம் முன்னாடியே, 17.4.1861-ல், சென்னை வானாய்வகத்தில் போக்சன் ஒரு சிறுகோளைப் பிடித்துவிட்டார். ஆசியாவில் கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதன் பேர் 'ஏசியா'. சூரியனை ஒருமுறை சுற்ற அதற்கு ஏறக்குறைய 3 வருஷம் 9 மாதம் ஆகும்.

ராமானுஜனைத் தேடி ராத்திரி லேடிஸ் சீட்டுக்குப் போய் நின்னேன். வெறும் கண்ணுக்கு அது தெரியாதாம். கீழே சேலத்து விளக்குகள்தான் ஜொலிச்சுது.