அரை மில்லிநொடி வெளிச்சம்

இருட்டிய பிறகுதான் இந்தக் கல்வராயன் மலையில் பல உயிர்களுக்கு நாள் தொடங்குகிறது. வௌவால் பறக்கிறது, ஆந்தை குரல் கொடுக்கிறது, முள்ளம்பன்றி இரைதேடப் புறப்படுகிறது. இரவானதும் அவற்றில் பலவற்றின் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனின் சுரக்கும். பொழுது சாய்ந்தது என்று உடல் முழுவதற்கும் போகும் சேதி அது. விளக்கொளி பட்டால் அந்தச் சுரப்பு குறையும். உறக்கமும் இரைதேடும் நேரமும் மட்டுமல்ல, இனப்பெருக்கக் காலமும் நோய் எதிர்ப்புத் திறனும்கூடத் தடுமாறலாம்.

உடலின் இந்த நேர ஒழுங்கைக் கலைக்க எவ்வளவு ஒளி போதும்? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனின் குழு இதை வௌவால்களிடம் சோதித்தது. 1984இல் வெளியான முடிவு இன்றும் வியக்க வைக்கிறது: அரை மில்லிநொடி மட்டுமே மின்னும் பிரகாசமான ஒளிகூட வௌவாலின் உடற்கடிகாரத்தை நகர்த்திவிடுகிறது. கேமரா ஃபிளாஷ் மின்னுவதும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான்.

இருட்டிய பின் இங்கே ஃபிளாஷ் வேண்டாம். டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடியுங்கள். மரப்பொந்துக்குள்ளும் பாறை இடுக்கிலும் அடிக்காதீர்கள். வண்டியை நிறுத்தியதும் முகப்பு விளக்கை அணைத்துவிடுங்கள்.