சிற்றிலும் பதுங்குகுழியும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே உவகை பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கு என்பர். செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு விளையாட்டையும் ஒன்றாக வைத்தெண்ணினார். அவ்வுவகைக்கு அவர் கொடுத்த அடையும் நோக்கத்தக்கது. அல்லல் நீங்கிய உவகை என்பது அதன் கருத்து. இச்சூத்திரத்தைப் பல்லாண்டு பாடஞ்சொன்னவன் நான். முதலில் அல்லல் நீங்கவேண்டும், பின்னரே விளையாட்டு என்று பொருள் விரித்தும் வந்தேன். அவ்விரிவுரை பிழையென எனக்கு உணர்த்தியவர் உரையாசிரியர் எவருமல்லர். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் சிலர்.

2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தபோது, வன்னி மக்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களில் இருந்தனர். பெரும்பாலார் இருந்த இடம் செட்டிகுளத்து மெனிக் பாம். என் குடும்பத்துக்கும் அங்கே ஒரு கூடாரம் கிடைத்தது. வந்த நாட்களிற் பிள்ளைகள் விளையாடவில்லை. தண்ணீர் வரிசையிலும் சோற்று வரிசையிலும் பெரியவர்களைப் போல நின்றார்கள். அழுகிற பிள்ளையைத் தேற்றலாம். பேசாதிருக்கிற பிள்ளையை என்ன செய்வது?

ஒரு பின்னேரம் கூடாரங்களுக்கிடையே நாலைந்து பிள்ளைகள் சிரட்டையால் நிலத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். மண்சோறு சமைக்கப் போகிறார்கள் என்று மகிழ்ந்து அருகே சென்றேன். அவர்கள் வெட்டியது பதுங்குகுழி. முழங்காலளவு ஆழம், மேலே தடி அடுக்கி, கிழிந்த உரப்பையைப் பரப்பி, மண்ணும் போட்டிருந்தார்கள். ஒருவன் வாயினாலே கூவினான். அந்தக் கூவல் எதனுடையது என்பதை வன்னியில் இருந்தவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்கள் குழிக்குள் விழுந்து காதைப் பொத்தினார்கள். ஒரு சிறுமி மாத்திரம் வெளியே அசையாது கிடந்தாள்.

“எழும்பு பிள்ளை” என்றேன்.

“நான் செத்துப்போனன் சேர். எழும்பேலாது” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேற் கோபம் என்று இன்றுவரை தெரியாது. இந்த விளையாட்டு வேண்டாம் என்று அதட்டி, குழியைக் காலால் மூடிவிட்டேன். பிள்ளைத்தமிழிலே சிற்றிற் பருவம் என்று ஒன்றுண்டு. சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்காதே என்று குழந்தைத் தலைவனை வேண்டுவது. கலித்தொகைத் தலைவியும் தன் சிற்றிலைக் காலாற் சிதைத்த குறும்பனை நினைந்து பேசுகிறாள். இங்கெல்லாம் சிதைப்பவன் சிறுவன். வளர்ந்த ஒருவன், அதிலும் தமிழ் வாத்தியான், சிற்றிலை மிதித்தான் என்று நான் எங்கும் படித்ததில்லை. அப்பெருமை எனக்கு வாய்த்தது.

அயற்கூடாரத்து ஆச்சி பார்த்துக்கொண்டிருந்தார். “விடுங்கோ வாத்தியார்” என்றார். “சொல்லி அழத் தெரியாததுகள். விளையாடித் தீர்க்குதுகள்.”

மறுநாள் பிள்ளைகள் மீண்டும் வெட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை. இரண்டு கிழமைக்கு மேல் அதே கூவல், அதே குழி, அதே சாவு. பின்பு விளையாட்டுக்குள் ஒரு டாக்குத்தர் வந்து சேர்ந்தான். செத்த பிள்ளைக்கு மருந்து கட்டினான், அவள் எழும்பினாள். எழும்பியவளுக்குப் பசித்தது. குழிக்குள்ளே மூன்று கல் வைத்து அடுப்பாக்கினார்கள். சிரட்டையில் மண்சோறு வெந்தது. பதுங்குகுழி சிற்றிலாயிற்று. அடுத்த மாதம் அவ்விடத்திலே பெண்பிள்ளைகள் கல்லுப் பொறுக்கிக் கொக்கான் வெட்டினார்கள்.

அல்லல் நீங்கியதன் பின் விளையாட்டு வரவில்லை. விளையாட்டு வந்து அல்லலைச் சிறிது சிறிதாக நீக்கிற்று. முற்றாக நீங்கிற்று என்று கூறத் துணியேன். இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனிலே குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா பிராய்டும் டொரதி பேர்லிங்காமும், குண்டுவீச்சைப் பிள்ளைகள் விளையாட்டாக்கியதை 1943 இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார்கள். பின்னாளில் அதனை அறிந்தபோது எனக்கு ஆச்சியின் குரலே கேட்டது.

முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அதற்கு முன்னரே நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். ஊரிலே வீதியோரமெங்கும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். நற்றிணையிலே, சிறுமியர் விளையாட்டாக மணலில் அழுத்திய புன்னைக்காய் முளைத்து மரமாகிறது. எம் பிள்ளைகளுக்கோ மண்ணிற் கிடப்பதைத் தொடாதே என்பதே முதற்பாடமாயிற்று. ஆண்டுக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றினார்கள். பலகைகள் பல இடங்களிற் போய்விட்டன. வெளிகள் மீண்டன.

வெளிகளிலே பிள்ளைகளைக் காணோம். முத்தையன்கட்டு வாய்க்காலிற் குதித்தும், அறுவடை முடிந்த வயலில் நிலவுக்குக் கிளித்தட்டு மறித்தும் வளர்ந்தவன் நான். இன்று பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு. சனியும் ஞாயிறும் வகுப்பு. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை நான் பழிக்கமாட்டேன். ஏழைப்பிள்ளை நல்ல பாடசாலைக்குப் போக அமைந்த படி அது. எங்கள் பிள்ளைகள் பலர் அதில் ஏறியிருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை வேறெதிலும் கால்வைக்கக் கூடாதென்பதுதான் எனக்கு விளங்கவில்லை. 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயம் தன் 31 ஆம் உறுப்புரையில் ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமையாக்கியது. இலங்கை 1991 இல் அதனை ஏற்று உறுதிசெய்தது. தாய் தந்தையர் இன்னும் உறுதிசெய்யவில்லைப் போலும்.

சென்ற மாசியில் ஒரு சனிக்கிழமை, உயர்தர மாணவர்க்குப் புறநானூற்றிலே தொடித்தலை விழுத்தண்டினார் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மருதமரக் கிளையேறி மடுவிற் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டிய இளமையை நினைந்து, தடியூன்றிய கிழவர் இரங்கும் பாட்டு. நீங்கள் முதுமையில் எதை நினைந்து இரங்குவீர்கள், மாதிரி வினாத்தாளையா என்று கேட்டேன். சிரித்தார்கள். ஒருவன் மாத்திரம், “சேர், கிளித்தட்டு எப்படி விளையாடுறது?” என்றான். பகிடிக்குக் கேட்கவில்லை, அவனுக்குத் தெரியாது.

புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து சாம்பலாற் கோடு போட்டேன். எத்தனை தட்டு என்று எண்ணிப்பார்க்க எனக்கே சற்று நேரமெடுத்தது. மகனை ஏற்றிச்செல்ல வந்த ஒரு தந்தை மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “இண்டைக்குப் பாடம் இல்லையோ சேர்?” என்றார்.

“கிளிக்கு ஆள் குறையுது. இறங்குங்கோ” என்றேன்.

கோடுகளைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றார். பின்பு செருப்பைக் கழற்றினார்.