பாட்டியின் அடுப்பும் பழுப்பு மேகமும்

ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால், வந்ததும் அவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "காஸ் லீக், சார்." அறுபதுகளின் நடுவில் செகந்திராபாத்தில் ஓர் இளைஞருக்கு இந்த லீக்கைப் பிடிப்பதற்குத்தான் சம்பளம். 1965-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. முடித்துவிட்டு வந்தவர். குளிர்சாதனங்களிலிருந்து காஸ் எந்த இடுக்கு வழியாகத் தப்பிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவருக்கு அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை. தப்பித்த காஸ் பிறகு என்னதான் ஆகிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவும் இல்லை.

பத்து வருஷம் கழித்து அதற்குப் பதில் சொன்னவர் அதே ஆள்தான். பெயர் வீரபத்ரன் ராமநாதன். 1944-ல் பிறந்தவர். இன்று வளிமண்டல அறிவியலில் தவிர்க்க முடியாத பெயர்.

அப்பா டயர் விற்பனைப் பிரதிநிதி. பையனுக்குப் பதினொரு வயதாகும்போது குடும்பம் பெங்களூருக்கு மாறியது. அதுவரை தமிழ்வழியில் படித்த பையனுக்கு, புதுப் பள்ளியில் ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசியது பாதி புரியவில்லை. வகுப்பில் முன்வரிசையில் இருந்தவர் கடைசிக்குப் போனார். ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் பழக்கமே விட்டுப்போனது, எதையும் தானாக யோசித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். மொழி மாறித் தடுமாறிய பிள்ளைகள் எல்லோரும் விஞ்ஞானி ஆகிவிடுவதில்லை. பலர் அந்தக் கடைசி பெஞ்சிலேயே தங்கிவிடுகிறார்கள். இதைச் சாதனைக் கதையாகச் சொல்லும்போது அவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பு, பிறகு நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக். பொறியியல் படிக்கப் போனவரை வழிகாட்டியான ராபர்ட் செஸ், செவ்வாய், வெள்ளி கிரகங்களின் காற்றுப் பக்கம் திருப்பிவிட்டார். பிறகு நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் இருந்தபோது, 1975-ல் 'சயின்ஸ்' இதழில் அந்தப் பதிலைச் சொன்ன கட்டுரை வந்தது. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் இருந்த சி.எஃப்.சி. வாயு ஓசோனைக் கெடுக்கும் என்று அதற்கு முந்தைய ஆண்டுதான் மோலினாவும் ரோலண்டும் எச்சரித்திருந்தார்கள். ராமநாதன் கணக்குப் போட்டுப் பார்த்ததில் வேறொன்று தெரிந்தது. பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதில், ஒரு சி.எஃப்.சி. மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 10,000 மடங்கு வலுவானது. பூமி சூடாவதற்குக் கார்பன் டை ஆக்சைடை மட்டுமே குற்றம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அத்தோடு முடிந்தது. செகந்திராபாத்தில் இடுக்கு வழியாகத் தப்பித்த காஸ், வானத்தில் உட்கார்ந்துகொண்டு பூமியைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒருவருக்கு இது ஒன்றே போதும். அவர் அடுத்து கையில் எடுத்தது புகையை. நமக்கு நெருக்கமான விஷயம் அதுதான்.

ஜனவரி முதல் மார்ச் வரை துணைக்கண்டத்தில் காற்று வடகிழக்கிலிருந்து கடலை நோக்கி வீசும். நிலத்தில் புகைந்தது எல்லாம் அதோடு சேர்ந்து இந்தியப் பெருங்கடல்மேல் போகும். 1999-ல் இந்தப் பருவத்தில் 200-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் மாலத்தீவைச் சுற்றி முகாமிட்டார்கள். 'இன்டோயெக்ஸ்' என்று அந்த ஆய்வுக்குப் பெயர். ராமநாதனோடு தலைமை ஏற்றவர் ஓசோன் ஆய்வுக்காக 1995-ல் நோபல் வாங்கிய பால் குருட்சன். இந்தியத் தரப்புக்கு ஏ.பி.மித்ரா. நம்முடைய 'சாகர் கன்யா' ஆய்வுக் கப்பலும் கடலில் இருந்தது. காஷிதூ என்ற சின்னப் பவளத்தீவில் கருவிகளை நிறுத்தினார்கள். சுற்றிலும் கடலும் தென்னை மரமும்தான். சொல்லிக்கொள்ளும்படி ஆலை எதுவும் பக்கத்தில் இல்லை.

அங்கேயும் மேலே பழுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விமானத்திலிருந்து பார்த்தால் அழுக்குத் தண்ணீரில் அலசிய வேட்டிபோல ஒரு படலம். சுமார் 1 கோடி சதுர கிலோமீட்டர் பரப்பு, 3 கிலோமீட்டர் வரை உயரம். கடல் பரப்பை எட்ட வேண்டிய வெயிலில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அது மறித்துக்கொண்டிருந்தது. விறகு, வறட்டி, வயலில் எரிக்கும் தாள், டீசல், நிலக்கரி என எல்லாவற்றின் மிச்சமும் அதில் இருந்தது.

2002-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கை இதற்கு 'ஆசியப் பழுப்பு மேகம்' என்று பெயர் வைத்து வெளியானதும் டெல்லியில் கோபம் கிளம்பியது. நூறு வருஷம் நிலக்கரி எரித்துப் பணக்காரர்களான நாடுகள் கிராமத்துப் பெண்ணின் அடுப்பைக் காட்டுகின்றனவே என்று விஞ்ஞானிகளே பேசினார்கள். கோபத்தில் நியாயம் இருந்தது. பெயரிலிருந்து ஆசியா போய் 'வளிமண்டலப் பழுப்பு மேகம்' ஆனது. பெயரை மாற்றியதால் அடுப்படியில் நின்றவருக்கு இருமல் குறைந்ததா என்பது வேறு விஷயம்.

புகை வானிலையை எப்படி மாற்றும்? எல்லாத் தூசும் ஒன்றில்லை. நிலக்கரியின் கந்தகத்திலிருந்து வரும் சல்பேட் துகள் வெளிறியது. வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கரித்துகள் கறுப்பு, வெயிலைக் குடித்துவிட்டுத் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும். ஆக, தரையில் வெயில் குறைகிறது, மேலே காற்று சூடாகிறது. இதை நேரில் அளக்க 2006 மார்ச்சில் மாலத்தீவின் ஹனிமாதூ தீவிலிருந்து மூன்று குட்டி ஆளில்லா விமானங்களைக் கிளப்பினார்கள். ஒன்று படலத்துக்கு மேலே, ஒன்று உள்ளே, ஒன்று கீழே. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடத்தை ஒரே நேரத்தில் கடக்க வேண்டும். மேலே இறங்கிய வெயிலையும் கீழே எட்டிய வெயிலையும் கழித்துப் பார்த்தால், நடுவில் புகை எவ்வளவு விழுங்கியது என்பது கிடைத்துவிடும். கடைக்காரர் கல்லாவில் கணக்குப் பார்ப்பதுபோல அத்தனை எளிமை. கீழடுக்குக் காற்றில் வெயில் ஏற்றும் சூட்டைப் பழுப்பு மேகம் சுமார் 50 சதவீதம் கூட்டுகிறது என்று வந்தது விடை.

மழைக் கணக்கு இதிலிருந்துதான் தப்புகிறது. வெயில் குறைந்தால் கடலில் நீராவி குறையும். பருவமழையை இழுத்து வருவது வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம். வடக்குக் கடல்மேல் மட்டும் நிழல் விழுந்தால் அந்த இழுப்பு தளரும். மேகத்துக்குள்ளும் தகராறு உண்டு. ஒரு படி பாயசத்தைப் பத்துப் பேருக்கு ஊற்றுவதும் நூறு பேருக்கு ஊற்றுவதும் ஒன்றா? துகள்கள் கூடினால் இருக்கிற ஈரம் பங்கு பிரிந்து துளிகள் சிறுத்துவிடும். சிறு துளி லேசில் மழையாக விழாது. பழுப்பு மேகமும் சூட்டைப் பிடித்து வைக்கும் வாயுக்களும் சேர்ந்து இந்திய நெல் விளைச்சலைக் குறைத்திருக்கின்றன என்று 2006-ல் ராமநாதனும் இரண்டு பொருளாதார அறிஞர்களும் சேர்ந்து எழுதினார்கள்.

சரி, புகையை நிறுத்திவிட்டால் போயிற்று என்றால், அங்கே ஒரு முடிச்சு. மொத்தத்தில் பார்த்தால் தூசுகள் பூமிக்குக் குடை பிடிக்கின்றன. பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவின் மதிப்பீட்டில், சுமார் 0.4 டிகிரி சூட்டை அவை மறைத்து வைத்திருக்கின்றன. கப்பல் எரிபொருளில் கந்தகத்துக்கு இருந்த வரம்பு 2020 ஜனவரியில் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக இறக்கப்பட்டது. காற்று சுத்தமானது, கடல்மேல் குடையிலும் ஒரு கிழிசல் விழுந்தது. நிலக்கரியை அணைத்தால் கந்தகக் குடை சில வாரங்களில் போய்விடும், கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகள் இருக்கும். அதற்காகக் குடை வேண்டும் என்று நுரையீரலை விலையாகக் கொடுக்க முடியாது. வீட்டுக்குள் அடுப்புப் புகையால் மட்டும் 2020-ல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

ராமநாதன் இதற்குக் கண்ட வழி, முதலில் கறுப்பைப் பிடிப்பது. கரித்துகளுக்கு வானத்தில் ஆயுள் ஒரு வாரம், மிஞ்சினால் இன்னும் சில நாட்கள். அணைத்த உடனே பலன். உடம்புக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது. சிறுவயதில் பாட்டி விறகடுப்பில் சமைத்ததையும் இருமியதையும் அவர் பேட்டிகளில் நினைவுகூர்வதுண்டு. எங்கள் வீட்டு அடுப்படியிலும் ஊதுகுழலை வாயில் வைத்தபடி கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ஒரு பாட்டி இருந்தார். பரணில் தொங்கிய ஒட்டடைகூடக் கரியேறித் தடித்திருக்கும். யாரும் அதை மாசு என்று சொன்னதில்லை. சமையல் என்றுதான் சொன்னோம்.

'சூர்யா' என்ற திட்டத்தோடு அவர் உத்தரப்பிரதேசத்தின் ஒரு கிராமத்துக்குப் போனார். நல்ல அடுப்பு கொடுத்தால் காற்று எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க வேண்டும். விலை உயர்ந்த கருவிகளை வீடுவீடாக வைக்க முடியாது. ஒரு சின்ன பம்ப் வீட்டுக் காற்றை உறிஞ்சி, வெள்ளை வடிதாள் ஒன்றின் வழியே விடும். தாள் கறுக்கும். அதை செல்போனில் படம்பிடித்து அனுப்பினால், எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதை வைத்துக் கரியின் அளவைக் கணினி சொல்லிவிடும். இந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் அவருடைய மகள் நித்யா ராமநாதன்.

அந்தக் கிராமத்தில் எடுத்த அளவுகளை வரைபடமாகப் போட்டபோது, காலையில் ஒரு மேடு, மாலையில் ஒரு மேடு. நடுவே பள்ளம். அடுப்பு பற்றவைக்கும் நேரமும் அந்த மேடுகளும் அப்படியே பொருந்தின. வீட்டுக்குள் வைத்த கருவியில் மட்டுமில்லை, வெளியே திறந்தவெளியில் வைத்ததிலும் அதே இரண்டு மேடுகள்.