‘கிளினிக்கல்’ என்று பெயர் இருந்தால் போதுமா?

பி.எஸ்சி. சைக்காலஜி முடித்த பிள்ளைகள் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாதங்களில் திரும்பத் திரும்பக் கேட்பது, “எந்த காலேஜ் நல்ல காலேஜ்?” என்பதைத்தான். அதற்கு முன்பே கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் படிப்பை முடித்தால் சட்டப்படி நான் என்ன வேலை பார்க்கலாம்?

எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி என்ற பெயரில் பல கல்லூரிகள் முதுகலைப் படிப்பு நடத்துகின்றன. இரண்டு வருடம் படித்து, கடன் வாங்கிக் கட்டணம் கட்டி முடித்த பிறகுதான், அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது என்பது பலருக்குத் தெரியவருகிறது. படிப்புக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகாரம் கொடுத்திருக்க வேண்டும். 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்பதை அப்படித்தான் வரையறுக்கிறது. தொழில் செய்ய ஆர்.சி.ஐ. பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். கல்லூரி விளம்பரத்தில் இந்த விவரத்தைப் பெரிய எழுத்தில் யாரும் போடுவதில்லை. பெற்றோர் நகையை அடகு வைத்துச் சேர்க்கும் படிப்பில் இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இத்தனை காலம் அந்தப் பதிவுக்கு இருந்த முக்கிய வழி, முதுகலைக்குப் பிறகு இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். இன்று நிம்ஹான்ஸ் என்று அழைக்கப்படும் பெங்களூரு மனநல நிறுவனத்தில் 1955-ல் பட்டயப் படிப்பாகத் தொடங்கிய பயிற்சி மரபின் தொடர்ச்சி அது. மாணவர்கள் காலையில் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து கேஸ் ஹிஸ்டரி எடுப்பார்கள். தூக்கம் எப்படி, பசி எப்படி, முதன்முதலில் எப்போது இப்படி ஆனது, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று நோயாளியிடமும் கூட வந்தவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதுவார்கள். பிறகு அதை மூத்தவர் முன்னால் படித்துக் காட்ட வேண்டும். “அவர் செத்துடலாம்போல இருக்குன்னு சொன்னப்ப நீ அடுத்து என்ன கேட்ட?” என்று அவர் நிறுத்துவார். பதில் வராவிட்டால் திரும்பப் போய்க் கேட்டு வர வேண்டும். இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வது அந்த இடத்தில்தான்.

புதிய கல்விக் கொள்கையின்படி பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 சேர்க்கை வரை விலக்கு கொடுத்தது. இது மாறிக்கொண்டிருக்கும் காலம். ஆகவே சீனியர் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல், படிப்பின் பெயர், நிறுவனத்தின் பெயர், அனுமதி எந்த ஆண்டு வரை என்ற மூன்றையும் ஆர்.சி.ஐ. இணையதளப் பட்டியலில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கவுன்சலிங் பக்கம் நிலைமை வேறு. அதற்கு ஆர்.சி.ஐ. பதிவு கிடையாது. 2021-ல் வந்த தேசிய அளவிலான துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் சட்டம்தான் மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் முதன்முறையாக ஒரு பதிவு முறைக்குள் கொண்டுவருகிறது. அதைக் காரணம் காட்டித்தான் 2025-ல் சைக்காலஜியைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் புதிதாக நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொன்னது. வேலை பார்த்துக்கொண்டே, பிள்ளை வளர்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படித்த எத்தனையோ பெண்களுக்கு இது பெரிய இழப்பு. ஆனாலும் அந்த முடிவை நான் ஆதரிக்கிறேன். எதிரில் ஒரு மனிதரை உட்கார வைத்துப் பழகாமல் இந்த வேலைக்கு யாரும் வரக் கூடாது.

இனி நேர்முகத் தேர்வு. ‘ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் பிரச்னைன்னா என்கிட்டதான் வருவாங்க’ என்ற பதிலை விண்ணப்பக் கட்டுரையிலிருந்தே எடுத்துவிடுங்கள். தேர்வுக்குழு கேட்டுக் கேட்டுச் சலித்தது அது. அவர்கள் இப்படிக் கேட்கலாம்: பதினைந்து வயதுப் பெண், “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்” என்று சொல்லிவிட்டு, சித்தப்பா தவறாக நடந்துகொண்டதைச் சொல்கிறாள். என்ன செய்வீர்கள்? ‘ரகசியம் காப்பேன்’ என்பவர்கள் அதிகம். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தகவல் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் தண்டனை உண்டு. அதனால் அந்தச் சத்தியத்தைச் செய்யவே கூடாது. எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே, அவளுக்குப் புரிகிற மொழியில் சொல்லியிருக்க வேண்டும். சட்டப் பிரிவு எண்ணை ஒப்பிப்பதைவிட, அதற்குப் பிறகும் அந்தப் பெண்ணின் கையை விடாமல் எப்படிக் கூட இருப்பீர்கள் என்று யோசித்துச் சொல்பவருக்கே இடம் கொடுக்க வேண்டும்.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்குகிறார்கள். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுத உதவி கேட்கலாம், தவறில்லை. ஆனால் “நெஞ்சு படபடங்குது, கை கால் ஓடல” என்று வந்து நிற்கும் ஒருவரிடம் பேச உங்களைவிடத் தயாராக இருப்பவர் யார்?

கட்டணம் கட்டும் முன் அங்கே இப்போது படிப்பவர்களிடம் பேசுங்கள். “அக்கா, போன மாசம் நீங்களே நேர்ல எத்தனை கேஸ் பாத்தீங்க? எழுதினதை யார் திருத்தினாங்க? சூப்பர்விஷனுக்கு மேடம் வாரத்துல எவ்வளவு நேரம் குடுக்கிறாங்க?” கட்டடத்தையும் ஹாஸ்டலையும் பற்றியே பேசி இந்த மூன்றுக்கும் மழுப்பினால், அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.