எறியப்படும் இறகு

ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு கிலோ கோழிக்கறி வாங்கிச் செல்வது இன்று நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. இரண்டு தலைமுறைக்கு முன்னர், விருந்தாளி வந்தாலோ திருநாள் வந்தாலோதான் கோழி அடிப்பார்கள். பல்லடம் வட்டாரத்தில் கறிக்கோழிப் பண்ணைகள் பெருகிய பின் நிலைமை மாறிற்று. கறி நம் பைக்கு வந்து சேருகிறது. இறகு எங்கே போய்ச் சேருகிறது?

அரிமளம் போன்ற ஊர்களில் இக்கேள்வியைத் தள்ளிப்போட இயலாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் வற்றாத ஆறு இல்லை. கண்மாயும் ஊருணியும் தேக்கிவைக்கும் மழைநீரே இம்மண்ணின் செல்வம். இரவோடிரவாக ஊர்ப்புறத்தில் வீசப்படும் ஒரு மூட்டை இறகு, முதல் மழையிலேயே வரத்துவாய்க்கால் வழியே நீருக்குள் இறங்கிவிடும். கொளுத்திவிட்டால் தீர்ந்தது என்போரும் உண்டு. இறகில் கந்தகம் மிகுதி. எரித்தால் எழும் நாற்றமும் புகையும் தெருவையே மூச்சுத் திணறச் செய்யும்.

கோழியின் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு இறகே. நாளொன்றுக்கு ஐம்பது கோழி விற்கும் சிறு கடையில், கோழி இரண்டு கிலோ எனக் கொண்டால், ஐந்து முதல் ஏழு கிலோ வரை சேரும். இறகில் பத்தில் ஒன்பது பங்கு கெரட்டின் என்னும் புரதம். நம் நகமும் முடியும் அதனால் ஆனவையே. கந்தகப் பிணைப்புகள் அதனை இறுகக் கட்டியிருப்பதால் எளிதில் மட்காது. ஆயினும் உலர்ந்த இறகில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு தழைச்சத்து அடங்கியுள்ளது. யூரியாவில் உள்ளது 46 பங்கு. அதாவது மூன்று கிலோ இறகு, ஒரு கிலோ யூரியாவுக்கு ஏறத்தாழ நிகர். உழவர் காசு கொடுத்து வாங்கும் சத்தைத்தான் நாம் ஊருணியில் கொட்டுகிறோம்!

பெரிய ஆலைகள் இறகை அழுத்தமிக்க நீராவியில் வேகவைத்து, உலர்த்தி, அரைத்துத் தீவனமாக்குகின்றன. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில், இறகைத் தின்று கரைக்கும் நுண்ணுயிரி ஒன்றைக் கோழிக்கழிவுச் சாணவாயுக் கலனிலிருந்தே பிரித்தெடுத்தனர். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இறகுக் கெரட்டினைத் தோல் பதனிடுதலுக்குப் பயன்படுத்துவது பற்றி ஆய்ந்துள்ளனர். வியக்கத்தக்க முயற்சிகளே. ஆனால் நாலைந்து கறிக்கடைகள் உள்ள ஊருக்குக் கொதிகலன் கட்டுப்படியாகாது. நம் நிலைக்கு ஏற்றது உரக்குழிதான் என்பது எமது கருத்து.

இறகை மட்டும் குவித்தால் அழுகி நாறும். தழைச்சத்து மிகுந்த பொருளோடு கரிச்சத்து மிகுந்த பொருளைச் சேர்த்தாலன்றி உரம் பக்குவப்படாது. இதற்குத் தென்னை நார்க்கழிவு கைகொடுக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்தது போக, மாவட்டத்தின் கிழக்கே ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்தில் தென்னை இன்னும் நிற்கிறது. ஒரு டன் நார்க்கழிவை மட்கச் செய்ய ஐந்து கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் இடுமாறு கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறுகிறது. அந்த யூரியாவின் வேலையைப் பதினைந்து கிலோ இறகு செய்யும். மெல்லக் கரைவதால் கூடுதலாகவும் இடலாம். கரிச்சத்துக் கணக்குப்படி, ஒரு டன் உலர்ந்த கழிவு ஏறத்தாழ ஐம்பது கிலோ இறகை ஏற்கும். வைக்கோலும் ஆகும். அரிமளத்தைச் சூழ்ந்த தைலமரக் காட்டுச் சருகைத் தவிர்ப்பது நலம். அதிலுள்ள எண்ணெய் மட்குதலைத் தாமதப்படுத்தும்.

நடைமுறையில் சிக்கல் கடையிலேயே தொடங்குகிறது. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் தோலை இறகோடு உரித்துவிடுவர். தோலும் கொழுப்பும் குடலும் ஒரே வாளியில் விழுந்தால் நாய்களும் ஈக்களும் குழியைச் சூழ்ந்துவிடும். இறகுத்தோலுக்குத் தனி வாளி வைக்குமாறு வாடிக்கையாளர் நான்கு பேர் கேட்டால் எந்தக் கடைக்காரரும் மறுக்கமாட்டார். பேரூராட்சிகளின் வளம் மீட்புப் பூங்காக்களில் உரக்குழிகள் உள்ளன. நார்க்கழிவு வண்டிக்கூலியே பெருஞ்செலவு.

அடியில் ஒரு சாண் நார்க்கழிவு, அதன்மேல் மெல்லிய இறகுப்படலம், கைப்பிடிச் சாணக்கரைசல், மீண்டும் நார்க்கழிவு என்று அடுக்கி, மேலே கனமாக மூடிக் கம்பிவலை போடவேண்டும். பிழிந்த துணிபோல் ஈரம் இருந்தால் போதும். உள்ளே 55 பாகைக்கு மேல் சூடு மூன்று நாளாவது நின்றால்தான் நோய்க்கிருமிகள் மடியும். இரு வாரத்துக்கு ஒருமுறை கிளறி, வெளிப்புறத்தை உள்ளே தள்ளவேண்டும். கிணற்றுக்கும் ஊருணிக்கும் அருகே குழி ஆகாது. நோயில் மாண்ட கோழிகளை இதில் சேர்க்கவே கூடாது. அவற்றுக்குக் கால்நடை மருத்துவர் சொற்படி தனி ஏற்பாடு வேண்டும்.

சில மாதங்களில் குவியல் கருத்து மண்வாசனை எழும். இறகின் நடுத்தண்டு சில மட்காமல் நிற்கலாம். அவற்றைச் சலித்தெடுத்து அடுத்த குழியில் இட்டுவிடலாம்.