கடலுக்குள்ள ஒரு அரியர்!

“நீச்சலே தெரியாது, நீ எதுக்குடா கடலுக்குப் போறே?” ஹாஸ்டலில் இதைக் கேட்காத ஆளே இல்லை. ‘லைஃப் ஜாக்கெட் இருக்கப் பயமேன்’ என்று கெத்தாகத்தான் கிளம்பினேன்.

இடம், இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் நிலாவெளி. மே முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் கடல் சாதுவாக இருக்கும். நம்ம செமஸ்டர் லீவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி!

காலை ஆறு மணி. நாலு பேர், ஒரு ஃபைபர் படகு. தூரத்தில் மலை முகட்டில் கோணேஸ்வரம் கோயில். அந்தக் கரையை ஒட்டிக் கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கே இருக்கிறது. அதனால் சீசனில் நீலத் திமிங்கிலம்கூட கரைக்குப் பக்கத்தில் வரும். நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆனால்...

“அங்க பாருங்க, ஓங்கில்!” என்றார் படகோட்டி அண்ணன். டால்பினுக்கு அதுதாங்க தமிழ்ப் பேர். தண்ணியிலிருந்து எகிறி, பம்பரம் மாதிரி சுற்றி, ‘தொப்’பென்று விழுந்தது ஒன்று. பின்னாலேயே ஒரு கூட்டம். எல்லாம் ஸ்பின்னர் வகை.

“அண்ணே, வேகமா விடுங்க, கிட்டப் போலாம்!”

அவரோ இன்ஜினைக் குறைத்துவிட்டார். “இதுகள் ராவெல்லாம் ஆழத்தில இரை தேடிப்போட்டு, இப்பதான் ஆறுதல் எடுக்குதுகள் தம்பி. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தவன எழுப்பலாமா?”

அதற்குள் வேறு இரண்டு படகுகள் முழு வேகத்தில் கூட்டத்துக்குள் பாய்ந்தன. கண் மூடித் திறப்பதற்குள் மொத்தக் கூட்டமும் மாயம். என் மொபைலில் 43 போட்டோ. அத்தனையிலும் கடல் மட்டும்தான்!

அடுத்த ஸ்டாப், புறாத்தீவு. நிலாவெளியிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர். மலைப்புறாக்கள் கூடு கட்டுவதால் அந்தப் பேர். 2003 முதல் தேசியப் பூங்கா.

மாஸ்க் கண்ணாடியில் எச்சில் தடவச் சொன்னார் அண்ணன். ‘உவ்வே’ என்றோம். ஆனால் அப்படிச் செய்தால்தான் பனி படியாது. வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தால்... அடடா! மான்கொம்பு மாதிரி கிளை கிளையாய்ப் பவளம், நடுவில் கலர் கலராய் மீன்கள்.

திடீரென்று, துடுப்பு நுனியில் கறுப்பு மையோடு ஒரு சுறா!

தண்ணிக்குள் ஒளி விலகலால் எதுவுமே மூன்றில் ஒரு பங்கு பெரிசாகத் தெரியும். முதல் வருஷ ஃபிசிக்ஸ்தான். இந்தக் கறுப்பு நுனிச் சுறா பொதுவாக மனுஷனைக் கண்டால் விலகிப் போகும் சாது என்றும் காலையிலேயே சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் எது ஞாபகம் வரும்? மூக்கில் தண்ணி ஏற, கை கால் உதற, கிடைத்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

காலுக்குக் கீழே ‘மடக்’.

அண்ணன் திட்டவில்லை. “அது கல்லில்ல தம்பி, உசிர். விளங்குதா?” அவ்வளவுதான்.

திரும்பி வந்து படித்தேன். பவளம் என்பது குட்டிக் குட்டி உயிரினங்கள் கூடிக் கட்டும் காலனி. அவற்றின் உடம்புக்குள் வாழும் பாசிதான் கலரும் கொடுக்கிறது, பெரும்பங்கு சாப்பாடும் போடுகிறது. கடல் சூடானால் அந்தப் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். 1998-லும் 2016-லும் இந்தியப் பெருங்கடலில் பெரிய அளவில் அதுதான் நடந்தது. சில வகைகள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. அத்தனை அடியையும் தாங்கி நின்ற ஒன்றை, ஒரே செகண்டில் நான் உடைத்துவிட்டேன்.

நீங்களும் போறீங்களா? இதை மட்டும் செஞ்சுட்டுப் போங்க:

* முதலில் ஏதாவது நீச்சல் குளத்தில் மிதக்கப் பழகுங்க. மாஸ்க்கையும் அங்கேயே மாட்டிப் பாருங்க.
* சன் ஸ்கிரீனைப் பூசிக் குளிப்பதற்குப் பதில், முழுக்கை டி-ஷர்ட் போடுங்க.
* பயம் வந்தால் நிற்காதீங்க. மல்லாந்து படுங்க, ஜாக்கெட் தாங்கும்.
* “துரத்துங்கண்ணே” என்று சொல்லாதீங்க.

உடைந்த துண்டை ஞாபகார்த்தமாகக் கொண்டுவரத் தோன்றியது. கூடாது, கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்றார் அண்ணன். இப்போது வாரம் மூன்று நாள் நீச்சல் கிளாஸ் போகிறேன்.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அரியரை நவம்பரில் எழுதி க்ளியர் பண்ணிடலாம் ஃப்ரெண்ட்ஸ். புறாத்தீவில் வைத்த அரியரை என்ன பண்றது?